கதவைச் சாத்திய பிறகு உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்? முதல் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு

நேர்காணல் முடிந்து நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு அந்த அறையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. உள்ளே இருக்கும் இருவரில் ஒருவர் தண்ணீர் குடிப்பார். மற்றவர் பேனாவை மூடிக்கொண்டே, “என்ன, எப்படி?” என்பார். பதிலாக ஒரு வரி வரும். “நல்ல பையன்தான், ஆனா என்ன வேலை செஞ்சான்னு கடைசிவரை பிடிபடல.” அல்லது, “அந்த ஸ்டாக் கணக்கைக் கண்டுபிடிச்ச பொண்ணு சரியா வரும்.” அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஏழெட்டுப் பேரை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரியும், பாதி புரியாத கையெழுத்தில் நாலு குறிப்பும்தான்.

மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். வேலை தேடிப் போன காலத்தில் ‘நல்ல இம்ப்ரெஷன்’ என்றால் தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, திக்காத இங்கிலீஷ் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது: அவர்கள் சொல்லப்போகும் அந்த ஒரு வரியை நாமே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வரலாம். தயாரிப்பு என்று நான் சொல்வதெல்லாம் அதற்கான தயாரிப்புதான்.

கேட்பவருக்கு என்ன கவலை?

எதிரில் இருப்பவர் நம்மை மடக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று முதல்முறை போகிறவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அவர் தன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர். உங்கள் ரெஸ்யூமை ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் புரட்டியிருப்பார். தப்பான ஆளை எடுத்துவிட்டால் அந்த ஆளின் வேலையும் சேர்ந்து தன் தலையில் விழும் என்ற பயம் அவருக்கு உண்டு. அந்த பயத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று சந்தேகங்கள் இருக்கும். இந்த ஆளுக்கு வேலை தெரியுமா? தெரிந்தாலும் மெனக்கெட்டுச் செய்வாரா? தினமும் எட்டு மணி நேரம் இவரோடு குப்பை கொட்ட முடியுமா? எந்தக் கேள்வியும் சுற்றிச் சுற்றி இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் வந்து நிற்கும்.

இந்தச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள முதலாளிகள் விதவிதமான வழிகளைப் பார்த்திருக்கிறார்கள். மின்விளக்குப் புகழ் தாமஸ் எடிசன், தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளிடம் ஏறக்குறைய 150 பொது அறிவுக் கேள்விகள் கொண்ட தாளை நீட்டினார். 1921இல் கேள்விகள் பத்திரிகையில் வெளியாகி, அமெரிக்கா முழுக்க அதே பேச்சானது. அந்த ஆண்டு அங்கே வந்திருந்த ஐன்ஸ்டீனிடமும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள்: ஒலியின் வேகம் என்ன? புத்தகத்தைத் திறந்தால் கிடைக்கிற விஷயத்தை நான் தலையில் சுமப்பதில்லை என்ற பொருளில் சொல்லிவிட்டார். எடிசனிடம் அவருக்கு வேலை கிடைத்திருக்காது போலிருக்கிறது.

பின்னால் புதிர்க் கேள்விகளின் காலம் வந்தது. ஒரு பஸ்ஸுக்குள் எத்தனை பந்து அடைக்கலாம் என்கிற மாதிரி. அதற்குப் பேர்போன கூகுளிலேயே ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக், அவை வெறும் நேர விரயம் என்று 2013இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

சரி, எதுதான் உதவுகிறது? ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் திரட்டி 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேள்விகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், அரட்டை போலப் போகும் நேர்காணலைவிட நன்றாக ஆளை எடைபோட்டது. 2022இல் பால் சாக்கெட்டும் அவர் குழுவும் அந்தக் கணக்கை வேறு முறையில் திரும்பப் போட்டார்கள். அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் முதலிடத்துக்கு வந்ததே இப்படி வகுத்துக் கேட்கும் நேர்காணல்தான்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஓரளவு விவரமான இடங்களில் கேள்விகள் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ‘இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்பது ஒன்று. 1980இல் கேரி லாதமும் கூட்டாளிகளும் ஆய்ந்து எழுதிய முறை. ‘இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்பது இன்னொன்று. 1982இல் டாம் ஜான்ஸ் எழுதியது. வந்தால் என்ன செய்வீர்கள், வந்தபோது என்ன செய்தீர்கள். இரண்டுக்கும் நம்மிடம் இருக்கவேண்டிய சரக்கு ஒன்றே: நடந்த சம்பவங்கள்.

விளம்பரத்தை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

வேலை விளம்பரத்தைப் பலர் ஒரு தடவை பார்த்துவிட்டு விண்ணப்பம் அனுப்பிவிடுவார்கள். அழைப்பு வந்த பிறகு அதைத் தேடினால் பக்கமே எடுக்கப்பட்டிருக்கும். விண்ணப்பிக்கும்போதே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நேர்காணலின் வினாத்தாள் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

இப்படி ஒன்று வைத்துக்கொள்வோம்: “ஆர்டர்கள் குறித்த நேரத்தில் சென்றடைவதை உறுதி செய்ய வேண்டும். பல பிரிவுகளுடன் இணைந்து பணியாற்ற வேண்டும். எக்ஸல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அழுத்தமான சூழலில் நிதானமாகச் செயல்படக்கூடியவராக இருக்க வேண்டும்.”

நாலு வரிதான். ஆனால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாருக்கோ ஒரு தலைவலி இருக்கிறது. ஆர்டர்கள் நேரத்துக்குப் போயிருந்தால் முதல் வரியை எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. இரண்டாவது வரி, விற்பனைப் பிரிவுக்கும் கிடங்குக்கும் ஆகாது என்பதன் நாகரிக வடிவமாக இருக்கலாம். மூன்றாவது, கணக்கு இன்னும் கையால்தான் ஓடுகிறது என்பதாக இருக்கலாம். நாலாவதைப் படித்தால், முன்னால் இருந்தவர் தாக்குப்பிடிக்காமல் போய்விட்டாரோ என்று எனக்குத் தோன்றும். இவையெல்லாம் ஊகம், உள்ளே போய் ‘உங்களுக்குள் சண்டையாமே’ என்று கேட்டுவிடாதீர்கள். ஆனால் வரிக்கு ஒன்றாக, ‘இதே தலைவலியை நான் எங்கேயாவது பார்த்திருக்கிறேனா?’ என்று உங்கள் வாழ்க்கையில் தேடுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடது பக்கம் விளம்பரத்தின் வரி, வலது பக்கம் உங்கள் சம்பவம். வலது பக்கம் காலியாக இருக்கும் இடத்தில்தான் உங்களைக் கிண்டப் போகிறார்கள் என்றும் தெரிந்துவிடும்.

இதில் கில்லாடி லியொனார்டோ டா வின்சி. 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் இருக்கிறது. உலகமே ஓவியர் என்று கொண்டாடப்போகும் மனிதர், ஓவியத்தைப் பற்றிக் கடைசியில்தான் சொல்கிறார். அதற்கு முன்னால் வரிசையாக எண் போட்டு வருவது தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள். படிப்பவருக்கு அப்போது கவலை போரைப் பற்றி. தனக்குப் பெருமையானதை ஒதுக்கிவைத்து, அவருக்குத் தேவையானதை முன்னால் வைத்தார்.

ஒரு சம்பவத்தை எப்படிச் சொல்வது

ஆர்டர்களைக் கவனிக்கும் அந்த வேலைக்கே இரண்டு பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ‘ஒரு பிரச்சினையை நீங்களாகத் தீர்த்த அனுபவம் உண்டா?’ என்பது கேள்வி.

முதலாமவர்: “உண்டு சார். எந்தப் பிரச்சினை வந்தாலும் பொறுமையாகக் கையாள்வேன். டீமோடு நன்றாக ஒத்துப்போவேன். கடினமாக உழைப்பேன்.”

இவர் பொய் சொல்லவில்லை. ஆனால் குறிப்பெடுக்கும் பேனா நகரவே இல்லை. இதே வாக்கியத்தைக் காலையிலிருந்து நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாமவர்: “நான் வேலை பார்க்கிற கிடங்கில் மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணினால் கணக்கு எப்போதும் இடிக்கும். கம்ப்யூட்டரில் 240 பெட்டி இருக்கும், அலமாரியில் 228தான் இருக்கும். எண்ணுவது என் வேலை. ஏன் குறைகிறது என்று பார்ப்பது யார் வேலையாகவும் இல்லை. இரண்டு வாரம், கதவைத் தாண்டிப் போன ஒவ்வொரு பெட்டியையும் தனியாக ஒரு நோட்டில் எழுதினேன். அப்புறம் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உடைந்து திரும்பி வரும் சரக்குக்குப் பதிலாகக் கொடுக்கிற பெட்டிக்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால் அது வெளியே போனதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நோட்டை சூப்பர்வைசரிடம் காட்டினேன். மாற்றுப் பெட்டிக்கும் விலை போடாமல் ஒரு பில் போடலாம் என்று சொன்னேன். அடுத்த மாதம் 12 பெட்டி வித்தியாசம் 1 ஆகிவிட்டது. அந்த ஒன்று எங்கே போச்சு என்று இன்னும் தெரியவில்லை சார்.”

ஒரு நிமிடப் பேச்சு. ஆனால் பேனா ஓடியிருக்கும். 240, 228, நோட்டு, மாற்றுப் பெட்டி, 12லிருந்து 1. கதவு சாத்திய பிறகு வரப்போகும் ஒரு வரி இதற்குள் தயாராக இருக்கிறது. தான் பொறுமைசாலி என்றோ, சொல்லாமலே வேலை செய்வேன் என்றோ அவர் வாயைத் திறக்கவில்லை. அதைக் கேட்டவரே எழுதிக்கொள்வார்.

இந்த வடிவத்துக்கு ஆட்சேர்ப்புக்காரர்கள் ‘ஸ்டார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூழல், அதில் உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, அதனால் விளைந்தது என்ற நாலுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். பெயர் முக்கியமில்லை. நேரத்தை எங்கே செலவிடுகிறோம் என்பதுதான் முக்கியம். அனுபவம் இல்லாதவர்கள் சூழலை விவரித்தே மூச்சு வாங்கிவிடுவார்கள்: நிறுவனத்தின் வரலாறு, மேனேஜர் மாறியது, மென்பொருளின் பெயர். ‘அப்புறம் எப்படியோ சரி செய்துவிட்டோம்’ என்று அரை வரியில் முடிப்பார்கள். அந்த ‘எப்படியோ’வுக்குள் இருப்பதைக் கேட்கத்தான் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சூழலுக்கு மூன்று வாக்கியம் போதும்.

‘சரி செய்துவிட்டோம்’ என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தன்னடக்கத்தால் நம்மில் பலருக்கு ‘நான்’ என்று சொல்ல நா எழாது, எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’தான். டீம் செய்ததை டீம் செய்ததாகவே சொல்லுங்கள். அதற்குள் உங்கள் கை பட்ட இடம் எது என்று தனியாகவும் சொல்லுங்கள். நான் ஆள் எடுக்க உட்காரும்போது இரண்டு ‘நாங்கள்’ வந்ததும் கேட்டுவிடுவேன், “அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று. அங்கே சிலர் அப்படியே நின்றுவிடுவார்கள்.

நடக்காததை நடந்ததாகச் சொல்லவேண்டாம் என்பதற்கு ஒழுக்கத்தைத் தவிர நடைமுறைக் காரணமும் இருக்கிறது. நல்ல கேள்வியாளர் முதல் பதிலோடு விடமாட்டார். ஏன் இரண்டு வாரம், ஒரு வாரம் போதாதா? சூப்பர்வைசர் உடனே ஒத்துக்கொண்டாரா? பில் போட ஆரம்பித்ததும் யாராவது முணுமுணுத்தார்களா? நடந்த விஷயமென்றால் இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம். கட்டிய கதையென்றால் மூன்றாவது கேள்வியில் வியர்க்கும்.

இப்படி ஆறு ஏழு சம்பவங்கள் கைவசம் இருந்தால் போதும். யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்தது, கூட வேலை செய்தவரோடு முட்டிக்கொண்டது, சொதப்பியது, அவசரமாக ஒன்றைக் கற்றுக்கொண்டது என்று கலவையாக இருக்கட்டும். ஒரே சம்பவம் மூன்று நாலு கேள்விக்குப் பொருந்தும். பெட்டிக் கதையைப் பிரச்சினைக்கும் சொல்லலாம், நுணுக்கமாகப் பார்ப்பதற்கும் சொல்லலாம், மேலதிகாரியைச் சம்மதிக்க வைத்ததற்கும் சொல்லலாம். படித்து முடித்து முதல்முறை வருபவர்கள், ‘எனக்கென்று என்ன சம்பவம் இருக்கிறது?’ என்பார்கள். கல்லூரி புராஜெக்டில் கூட இருந்தவன் பாதியில் கழன்றுகொண்டபோது என்ன செய்தீர்கள்? விழாவுக்குப் பணம் வசூலித்து கணக்கு ஒப்படைத்தீர்களா? ஜூனியருக்குப் பாடம் எடுத்தீர்களா? புதிதாக வருபவரிடம் யாரும் பெரிய சாதனையை எதிர்பார்ப்பதில்லை. ஒரு விஷயத்தைத் தலையிலிருந்து வால்வரை பிடித்துச் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

முதல் கேள்வி

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” பலர் இதை வார்ம்-அப் என்று நினைத்து, ரெஸ்யூமை மேலிருந்து கீழே ஒப்பிப்பார்கள். ரெஸ்யூம்தான் அவர் மேசையிலேயே இருக்கிறதே.

எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதற்கு எவ்வளவு எடை என்று உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இலேயே காட்டினார். ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, முன்யோசனை இல்லாதவர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இதே வரிசையில் வாசித்தார். இன்னொரு குழுவுக்குத் தலைகீழாக. சொற்கள் அதே ஆறுதான். ஆனாலும் ‘புத்திசாலி’யில் ஆரம்பித்ததைக் கேட்டவர்கள் அந்த மனிதரைக் கொஞ்சம் குறையுள்ள திறமைசாலியாகப் பார்த்தார்கள், ‘பொறாமைக்காரர்’ என்று ஆரம்பித்ததைக் கேட்டவர்களுக்கு அவரது குறைகளே பெரிதாகத் தெரிந்தன.

அதனால் ஆரம்பத்தில் உங்களிடம் இருப்பதிலேயே இந்த வேலைக்கு நெருக்கமான ஒன்றை வையுங்கள். கிடங்குப் பெண் இப்படி ஆரம்பிக்கலாம்: “இரண்டு வருஷமாக ஒரு கிடங்கில் ஸ்டாக் கணக்குப் பார்க்கிறேன். எண்ணுவதற்காகச் சேர்த்தார்கள், இப்போது கணக்கு எங்கே தப்பினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.” அடுத்து அங்கே எப்படி வந்தார் என்று இரண்டு வரி. கடைசியில் ஏன் இந்த வேலை என்று இரண்டு வரி. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். முதல் வரியிலேயே ஒரு கொக்கி இருக்கிறது பாருங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அதைப் பற்றித்தான் வரும், அதற்கு அவரிடம் பெட்டிக் கதை தயாராக இருக்கிறது.

‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்பதற்கு அரை மணி நேரம் அவர்கள் இணையதளத்தைப் படித்தாலே போதும். என்ன விற்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், அண்மையில் என்ன மாறியது. நான் ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு இடத்துக்குப் போய், இரண்டாவது இடத்தில் முதல் இடத்தின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்து தள்ளினேன். எதிரில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

உடை, உடல்மொழி, நேரம்

உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் கவனித்த ஒரு விஷயம் இங்கே உதவும். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மதிப்பெண் போட்டபோது, தோற்றத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குப் புத்தி, தலைமை, குணம் என்று சம்பந்தமில்லாத எல்லாவற்றிலும் கூடிப்போனது. ஒன்றின் வெளிச்சம் மற்றதன்மேல் விழுந்துவிடுகிறது. எனவே அந்த இடத்தில் அன்றாடம் போடுவதைவிட ஒரு படி கூடுதலாக உடுத்துங்கள், பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள், போனை அணைத்துவையுங்கள். புதுச் செருப்பு, புதுச் சட்டை அன்றைக்கு வேண்டாம், கடிக்கும், உறுத்தும். இதற்குமேல் இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு புரளியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘மனிதர் மனதில் பதிவதில் சொற்களுக்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55’ என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஆனால் அவர் பார்த்தது, ஒருவர் தன் பிடித்தம் வெறுப்பைச் சொல்லும்போது சொல் ஒன்றாகவும் தொனியும் முகமும் வேறாகவும் இருந்தால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை. ஸ்டாக் கணக்கை விளக்கும் பேச்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழியில்கூட நேர்காணலுக்குப் போய் வந்துவிடலாமே!

வீடியோ வழியாக என்றால், கேமரா கண்மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்புக்குக் கீழே நாலு புத்தகம் வையுங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரிலிருந்து வரட்டும். பேசும்போது திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பாருங்கள். பழகுவதற்கு இரண்டு நாள் ஆகும்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

பதில்களை எழுதி வைத்து நாலு தடவை படித்துவிட்டால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் தெம்பை நம்பாதீர்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். நேர்காணல் ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

எனவே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போனில் பதிவு செய்துகொண்டு, சத்தமாகச் சொல்லுங்கள். முதல் பதிவைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். எத்தனை ‘வந்து’, எத்தனை ‘ஆக்சுவலி’, எங்கே சுற்றி வளைக்கிறீர்கள் என்று அதில் தெரிந்துவிடும். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் எண்களும் மட்டும் உறுதியாக இருக்கட்டும். நடுவில் இருப்பது நீங்கள் வாழ்ந்தது, தானாக வரும். கடைசி வாக்கியத்தை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழுத்தே நல்ல பதிலைக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

படபடப்பு எல்லோருக்கும் இருக்கும். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேடையில் பேசப்போகிறவர்கள் தங்கள் நடுக்கம் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அந்த அளவு தெரிவதில்லை. இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லி மேடையேற்றியபோது அவர்கள் பேச்சே மேம்பட்டது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கிற நெஞ்சை அடக்கப் பார்ப்பதைவிட, அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது சுலபம் போலிருக்கிறது. கேள்வி வந்ததும் மூன்று விநாடி யோசிக்கலாம். உங்களுக்கு அது மூன்று நிமிடமாகத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு நிதானமாகத் தெரியும்.

சங்கடமான கேள்விகள்

‘உங்கள் பலவீனம் என்ன?’ என்பதற்கு ‘எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம்’ என்ற பதிலைத் தயவுசெய்து ஓய்வெடுக்க விடுங்கள். உண்மையான, ஆனால் அந்த வேலையின் உயிர்நாடியைத் தொடாத ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். “கூட்டத்தில் உடனே கருத்துச் சொல்ல வராது. அதனால் பேசப்போகும் விஷயத்தை முந்தின நாளே கேட்டு வாங்கி, இரண்டு பாயின்ட் எழுதிக்கொண்டு போகிறேன்.” போதும்.

தெரியாத கேள்வி வரும். ‘தெரியாது’ என்பது பதிலின் முதல் பாதி. “அதை நான் செய்ததில்லை. இதற்கு நெருக்கமாக இதைச் செய்திருக்கிறேன். செய்ய வேண்டி வந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்” என்று மறு பாதியையும் சேருங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சமாளிப்பவரைப் பிடிக்க அதிக நேரம் ஆகாது. பிடிபட்ட பிறகு, அதுவரை சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

பழைய மேனேஜரைத் திட்டும் ஆசை வரும். அவர் நிஜமாகவே மோசமானவராக இருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவரும் ஒரு மேனேஜர்; நாளை தன்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் மனம் ஓடும். இடையில் வேலையில்லாமல் இருந்த காலத்தை மறைக்க வேண்டாம். இரண்டு வாக்கியத்தில் காரணம், ஒரு வாக்கியத்தில் அந்தக் காலத்தில் செய்தது, பிறகு பேச்சை இன்றைய வேலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சம்பளப் பேச்சுக்கு முன் அந்த வேலைக்குப் பொதுவாக என்ன தருகிறார்கள் என்று விசாரித்துவையுங்கள். முடிந்தால், ‘இந்தப் பொறுப்புக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது எவ்வளவு?’ என்று திருப்பிக் கேளுங்கள். சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் காதில் விழுவது கீழ் எண் மட்டுமே. அதைக் கொடுத்தால் சந்தோஷமாகச் சேருவீர்களா என்று பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

‘நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று முடிவில் கேட்பார்கள். ‘ஒன்றுமில்லை சார்’ என்று எழுந்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி: “இந்த வேலையில் சேருபவர் முதல் மூன்று மாதத்தில் எதைச் செய்து முடித்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்?” இதைக் கேட்டதும் பலர் முன்னால் சாய்ந்து, விளம்பரத்தில் எழுதாத அந்தத் தலைவலியைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் தாளின் வலது பக்கத்தில் அதற்கு ஒரு சம்பவம் மீதி இருந்தால், அப்போது சொல்லுங்கள். முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இப்போது எங்கே என்றும் கேட்கலாம். பதவி உயர்ந்து மேல் மாடிக்குப் போனாரா, ஆறு மாதத்தில் கிளம்பினாரா என்பது உங்களுக்கும் தெரியவேண்டிய விஷயம்.

அன்று சாயங்காலமே மூன்று வரியில் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பேச்சில் வந்த ஏதாவது ஒன்றை அதில் குறிப்பிட்டால், ஒரே அச்சில் எல்லோருக்கும் அனுப்பியதில்லை என்று தெரியும்.

அப்புறம், கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் எங்கேயாவது உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவிடுங்கள். வீடு போய்ச் சேருவதற்குள் பாதி மறந்துபோகும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். மூன்று நேர்காணல் கழித்து அதைப் புரட்டியபோது, ‘ஏன் அந்த வேலையை விட்டீர்கள்?’ என்ற கேள்வி மூன்று பக்கத்திலும் இருந்தது. மூன்று தடவையும் அந்த இடத்தில்தான் நான் உளறியிருந்தேன். நாலாவதற்குப் போகுமுன் அந்த ஒரு கேள்வியை மட்டும் நாலு நாள் சொல்லிப் பார்த்தேன். அங்கே அவர்கள் அதைக் கேட்கவே இல்லை. ஆனால் அது வருமோ வருமோ என்று இந்தத் தடவை நான் பயந்துகொண்டிருக்கவில்லை. மற்றதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்ல முடிந்தது.